சிரிப்பு அறிவியல் புனைகதையின் பலமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘அறிவியல் புனைகதைக்கு நகைச்சுவை பலமா, பலவீனமா?’ என்னும் தலைப்பில், பலமே என்று வாதாட வந்திருக்கிறேன். வாசகன் சிரித்துவிட்டால் அவனுக்கு அச்சம் போய்விடும், அச்சம் போனவனிடம் எச்சரிக்கை எடுபடாது என்றார் எதிரணித் தலைவர். அவருக்கு மறுமொழி சொல்லப் போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெமைத் துணைக்கு அழைக்கிறேன்.

1965இல் வெளிவந்த அவருடைய ‘சைபரியாட்’ தொகுப்பில், ட்ரூர்ல் என்னும் பொறியாளன் சிந்திக்கும் இயந்திரம் ஒன்றை எட்டு மாடி உயரத்துக்குக் கட்டுகிறான். வெள்ளை வண்ணம் பூசி, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சுப் பொட்டுகளும் வைத்து அழகு பார்த்தபின், இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்கிறான். ‘ஏழு’ என்கிறது இயந்திரம். பழுது பார்த்தபின்னும் ஏழுதான். அவன் ஏசியதும் அஸ்திவாரத்தைப் பெயர்த்துக்கொண்டு துரத்துகிறது. மலைக்குகைக்குள் ஒளிந்தவனிடமும், ஏழு என்று ஒப்புக்கொள்ளும்படிதான் மிரட்டுகிறது. கணக்குத் தவறும்போது சிரித்த நாம், அந்தத் தவறுக்குத் தலையாட்டச் சொல்லி அது வாசலில் நிற்கும்போது சிரிக்க முடிகிறதா? தணிக்கை நிலவிய கம்யூனிஸ்ட் போலந்தில், அதிகாரத்தின் பிடிவாதத்தைப் பற்றிய இந்தக் கதை ரோபோக்களின் வேடிக்கைக் கதையாக வாசகனிடம் போய்ச் சேர்ந்தது.

லெம் துன்பம் அறியாமல் சிரித்தவர் அல்லர். யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் போலி ஆவணங்களோடு மெக்கானிக்காக வேலை பார்த்து உயிர் பிழைத்தவர். ஐரோப்பிய இலக்கியத்துக்கான ஆஸ்திரிய அரசு விருது 1985இல் அவரைத் தேடி வந்தது.

இன்னொரு கதையில், ‘என்’ (N) என்ற ரோமன் எழுத்தில் தொடங்கும் எதையும் படைக்கும் இயந்திரம் வருகிறது. ‘ஒன்றுமில்லாமையைப் படை’ என்கிறான் ட்ரூர்லின் நண்பன். போலந்து மொழியில் அந்தச் சொல்லும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. இயந்திரம் சும்மா நிற்பதாக அவன் நினைக்கிறான், ஆனால் அது உலகிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறது. அவன் பதறித் தடுத்தபின், தன் எழுத்தில் தொடங்குபவற்றை மட்டுமே அதனால் மீட்டுத் தர முடிகிறது. விண்மீன்கள் அடர்ந்திருந்த வானம் பொத்தலாகவே நின்றுவிடுகிறது. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்யும் இயந்திரத்தின் அபாயத்தை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் சிரிப்பில்லாத கதை ஒன்றை, அடுத்துப் பேச வரும் எதிரணியினர் இந்த மேடையில் எடுத்துவைக்கட்டும் என்று நடுவர் வழியாகக் கேட்டு அமர்கிறேன்.