மலைப் பனியும் பழைய வண்டியின் கப்ளர்களும்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் பட்டறைக்கு வரும் பழைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியான குறைகளோடுதான் வருகின்றன. ஹாரன் கம்மிவிட்டது, இண்டிகேட்டர் போட்டால் சிமிட்டாமல் அப்படியே நிற்கிறது, ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது என்பார்கள். உடனே பேட்டரியின் மேல்தான் சந்தேகம் விழும். சிலர் புதுப் பேட்டரியையே வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பேட்டரியில் குறை இருப்பதும் உண்டு. ஆனால் முப்பது ஆண்டு ஓடிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஒயரோடு ஒயர் சேரும் இடங்களை, அதாவது கப்ளர் என்று நாம் சொல்லும் சிறிய பிளாஸ்டிக் இணைப்புகளையும் அவற்றுக்குள் இருக்கும் பித்தளைப் பின்களையும்தான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போய்வரும் வண்டிகளில் மழை நனைப்பது மட்டுமின்றி, இன்னொரு வழியிலும் ஈரம் உள்ளே புகுகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டரில் இருக்கிறது. அடிவாரத்தில் புறப்பட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்ச் சேருவதற்குள் வெப்பநிலை ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். காற்றழுத்தமும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கப்ளர்கள் பலவும் ஹெட்லைட்டின் பின்புறக் கூடான டூமுக்குள்தான் இருக்கின்றன. ஏறும்போது அந்த டூமுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. மேலே வண்டியை நிறுத்தி பல்பின் சூடு ஆறியதும், உள்ளே மிச்சமிருக்கும் காற்று சுருங்கி, அந்த இடத்தை நிரப்ப வெளியில் நிற்கும் பனிமூட்டத்தையே இழுத்துக்கொள்கிறது. இறங்கும்போது அழுத்தம் கூடக் கூட இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே தள்ளப்படுகிறது. டூம் குளிரும் நேரத்தில் அந்தக் காற்றிலுள்ள ஈரம் துளியாகி உலோகத்தின் மேல் படிந்துவிடுகிறது. தார்பாய் போட்டு மூடிவைப்பது இதைத் தடுக்காது. நனைந்த வண்டியை அப்படியே மூடிவைத்தால் இன்னும் மோசம்.

வாட்டர் சர்வீஸில் இதே காரியம் சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது. மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு வண்டியை நிறுத்தி, அழுத்தமான குளிர்ந்த நீரைப் பீய்ச்சும்போது, கப்ளருக்குள் இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கி நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. பீய்ச்சுவது போர் தண்ணீராக இருந்தால் அதில் கரைந்திருக்கும் உப்பும் சேர்ந்து உள்ளே போகிறது. மழைநீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே ஒரு மழையில் நனைந்த வண்டியைவிட, வாரந்தோறும் கழுவிப் பளபளப்பாக வைத்திருக்கும் வண்டியில் களிம்பு அதிகமாக ஏறியிருந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

உள்ளே போன ஈரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கப்ளர் பின்கள் பித்தளையால் ஆனவை. பெரும்பாலும் அவற்றின் மேல் மெல்லிய ஈயப்பூச்சு, அதாவது வெள்ளீயப்பூச்சு இருக்கும். இஞ்சின் அதிர்வில், நுழையும் ஆண் பின்னும் அதை ஏற்கும் பெண் பின்னும் ஒன்றோடொன்று இடைவிடாமல் உரசி, அந்தப் பூச்சு தொடும் இடத்தில் தேய்ந்துபோகிறது. அதன்பின் ஈரமும் காற்றும் நேரே பித்தளையிலுள்ள செம்பின் மேல் வேலை செய்கின்றன. பேட்டரியோடு எப்போதும் தொடர்பில் இருக்கும் பாசிட்டிவ் ஒயர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஏனென்றால் உப்பு ஈரத்தின் வழியே சிறிதளவு மின்சாரம் கசிந்துகொண்டே இருக்க, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சையாகப் பூக்கிறது. சாவியை எடுத்துவிட்டாலும் இந்தக் கசிவு நிற்பதில்லை.

அண்மையில் நாகலூர் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. உரிமையாளர் அதை விற்கும் எண்ணமே இல்லாதவர். டூமைக் கழற்றியபோது, பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு ஒயரும் இக்னிஷனுக்குப் பின் வரும் பிரவுன் ஒயரும் சேரும் பின்கள் பச்சைத் தூளில் புதைந்திருந்தன. பக்கத்திலேயே இருந்த கறுப்பு எர்த் ஒயரின் பின் ஓரளவு மஞ்சளாகவே இருந்தது. சிவப்பு ஒயரின் மேல்தோலைச் சீவிப் பார்த்தால், இரண்டு அங்குல நீளத்துக்குச் செம்பு இழைகள் கறுத்து, வளைத்தால் பொடியாக உதிர்ந்தன. பின்னில் பட்ட ஈரத்தை இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளி திரிபோல் உள்ளே இழுத்துச் சென்றிருந்தது. அந்த ஒயரை மல்டிமீட்டரில் கன்டினியூட்டி, அதாவது மின் இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று பார்த்தால் நன்றாகவே 'பீப்' அடித்தது. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது அடிக்கும். ஆகவே அந்தச் சத்தத்தை நம்பக் கூடாது.

நம்ப வேண்டிய சோதனை வேறு. ஹெட்லைட்டையோ ஹாரனையோ வேலை செய்யவைத்துக்கொண்டு, கப்ளரின் இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் மீட்டரின் முனைகளை வைத்து, நடுவில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறக்குறைய சுழியம்தான் காட்டும். 12 வோல்ட் வண்டியின் 35 வாட் பல்புக்குப் போகும் வழியில் 0.4 ஓம் தடை ஏறிவிட்டால் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் குறையும். வெளிச்சமோ கால் பங்குக்கும் மேல் போய்விடும். அதே தடை 6 வோல்ட் யெஸ்டியிலோ பழைய புல்லட்டிலோ இருந்தால், அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டியிருப்பதால், ஏறக்குறைய 2 வோல்ட், அதாவது மூன்றில் ஒரு பங்கு அங்கேயே தொலைந்துவிடும். "ஆறு வோல்ட் வண்டி என்றால் வெளிச்சம் அவ்வளவுதான்" என்று சொல்வதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பரிகாரம் என்று வரும்போது, ஈரம் உள்ளே புகாமல் அடைத்துவிடலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. கறுப்பு டேப்பைச் சுற்றி இறுக்கினால், புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கானைக் கப்ளருக்குள் பிதுக்கிவிடுவது அதைவிடத் தவறு. காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுவதால், அதுவே செம்பை அரிக்கத் தொடங்கிவிடும். வந்த நீர் தங்காமல் வடிய வேண்டும், உலோகம் தொடும் இடத்தில் ஈரத்துக்கு இடம் இல்லாதிருக்க வேண்டும். கப்ளரின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறும், ஒயர் கப்ளருக்குள் நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறுமாறும் கட்டினால், ஒயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சுத்தம் செய்யும்போது உப்புத்தாளைத் தவிர்க்க வேண்டும். அது களிம்போடு ஈயப்பூச்சையும் சுரண்டிவிடும். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. பித்தளை பளிச்சென்று ஆகிவிடும் என்பது உண்மைதான்; ஆனால் பின்னும் ஒயரும் சேரும் மடிப்புக்குள் தங்கிவிடும் அமிலத்தை டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசி உலர்த்தாவிட்டால், சில வாரங்களில் பச்சை திரும்பிவிடும். கான்டாக்ட் கிளீனரும் பழைய பல்துலக்கியும் போதும். டபிள்யூ.டி-40 நீரை வெளியேற்றுவதற்காக 1953-ல் உருவான கலவை. நனைந்த கப்ளரை உலர்த்த அது உதவும், ஆனால் நெடுங்காலக் காவலுக்கு அதை நம்பக் கூடாது.

உலர்ந்தபின் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசி மாட்ட வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தாத பொருளாயிற்றே என்று கேட்பார்கள். பின்கள் இறுக்கமாக இருந்தால் உலோகம் உலோகத்தை அழுத்தும் புள்ளிகளில் கிரீஸ் தானாக விலகிவிடும். சுற்றியுள்ள இடைவெளியை மட்டும் நிரப்பி ஈரத்தை வெளியே நிறுத்தும். பின்கள் தளர்ந்திருந்தால் எந்தக் கிரீஸும் பயன்தராது. முதலில் பெண் பின்னை இலேசாக நெருக்கிவிட வேண்டும். ஹாரன் பட்டன், இக்னிஷனுக்காகத் திறந்து மூடும் பிளாட்டினம் பாயிண்ட் போன்று தீப்பொறி தோன்றும் இடங்களில் மட்டும் சிலிக்கான் கிரீஸ் கூடாது. பொறியின் சூட்டில் அது மணல் போன்ற படிவாகி மின்சாரத்தைத் தடுத்துவிடும். எர்த் ஒயர் சேசிஸில் சேரும் போல்ட்டையும் கழற்றி, அடியில் பெயிண்ட் இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் சுரண்டி, இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

ஒயர் கறுத்துவிட்டால் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதுப் பின்னை கிரிம்பிங் பிளையரால் அழுத்தி மாட்டுவதே முறை. புதுப் பின்களை வாங்கும்போது கையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது மேலே மஞ்சள் பூச்சிட்ட இரும்பு, ஏற்காட்டுப் பனியில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குமா என்பது சந்தேகம். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.