சில்லறை கேட்ட சிறுமி

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் 1/2, 2/4 என்று எழுதி, எது பெரியது என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்தான். "ஒண்ணைவிட ரெண்டு பெருசு, ரெண்டைவிட நாலு பெருசு. அப்போ 2/4தான் சார் பெருசு."

தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்கினால் சமான பின்னம் கிடைக்கும் என்று முந்தைய வாரம்தான் நடத்தியிருந்தேன். பெருக்கினால் கூடும் என்று அதுவரை பழகிய பிள்ளை வேறென்ன சொல்வான்?

மறுநாள் வெள்ளைத் தாளை ஒரே அளவுப் பட்டைகளாக நறுக்கிக் கொண்டுபோனேன். பாதியாக மடித்து ஒரு பாதிக்கு வண்ணம் தீட்டச் சொன்னேன். மறுபடி மடித்து விரித்தார்கள். மடிப்புக் கோடு கூடியிருந்தது, வண்ணம் கூடவில்லை. அதே பாதி இப்போது 2/4. இன்னொரு மடிப்பு, 4/8. "துண்டு ரெண்டு மடங்காச்சு சார், ஆனா ஒவ்வொண்ணும் பாதியாச் சிறுத்துடுச்சு" என்றான் அதே பையன். விதி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பட்டைகள் மட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதில் அசட்டையாக இருந்தால் ஒருவரின் கால், இன்னொருவரின் அரைக்குச் சமமாகிவிடும்.

பிறகுதான் ஆட்டம். ஆளுக்கு இரண்டு அரைத் துண்டுகள். 1/4, 1/8, 1/16 என்று எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுக்க வேண்டும். வந்த அளவைக் கையிலிருந்து கழிக்க வேண்டும். ஒரு சிறுமிக்கு 1/8 வந்தது. கையிலோ அரைகள் மட்டும். "சில்லறை குடு!" என்று வங்கியாக உட்கார்ந்திருந்தவனிடம் ஓர் அரையை நீட்டினாள். அவன் மூன்று அரைக்கால் (1/8) துண்டுகளைக் கொடுத்தான். அவள் சண்டை போடவில்லை. மூன்றையும் அந்த அரையின்மேல் வரிசையாக அடுக்கி, மிச்சம் தெரிந்த இடத்தில் விரலை வைத்து, "இன்னும் ஒண்ணு வரணும்" என்றாள். 1/2 = 4/8 என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் பழைய கணக்கிலும் இதே சில்லறை மாற்றம் இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, பெயரே விடை. மா என்பது 1/20, காணி 1/80. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது மாகாணி. மாவை 4/80 ஆக மாற்றிக் காணியைக் கூட்டினால் 5/80, அதாவது 1/16. எங்கள் வகுப்பில் 1/16 துண்டுக்கு மாகாணி என்றே பெயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும்.

மூன்றாக மடிப்பதுதான் சின்ன விரல்களுக்குக் கஷ்டம். அதற்கு 12 செ.மீ. பட்டை எடுத்து, அளவுகோலால் 4 செ.மீ.க்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிறகு 2 செ.மீ., பிறகு 1 செ.மீ. 1/3, 2/6, 4/12 மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

உங்கள் முன்னால் பட்டைகள் வைத்திருக்கிறோம். பின்வரிசைக்கும் அளவுகோல் வந்துவிட்டதா? ஆரம்பிக்கலாம்.