அப்பா என்ன செய்கிறார்?

(வணிக மேலாண்மை முதுகலை மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

நாளைய தலைமையில் பன்முகத்தன்மை, சமநீதி, அனைவரையும் உள்ளடக்குதல் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றும் கனமான சொற்கள். நான் ஒரு சின்னக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மனிதவளத் துறையில் இருந்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை நூற்றுக்கணக்கானோரிடம் கேட்டிருக்கிறேன். "அப்பா என்ன செய்கிறார்?"

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தனியார் நிறுவனத்தில் நேர்காணல் குழுவில் மூன்று பேர் இருந்தோம். அதில் நான்தான் இளையவள். தெற்கத்திப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். கணக்கியலில் நல்ல மதிப்பெண். தேய்மானக் கணக்கில் ஒரு சிக்கலைக் கொடுத்தோம். தாளைக்கூடத் தொடாமல் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்புறம் வழக்கமான கேள்வி வந்தது. கையிலிருந்த ஃபைலை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அப்பா கல் உடைக்கிறார், மேடம்." அறையில் சற்று நேரம் பேச்சில்லை. பக்கத்திலிருந்த மூத்தவர் கேட்டார்: "சொந்த ஊர் எது? ஊருக்குள் எந்தப் பக்கம்?" எதற்காகக் கேட்கிறார் என்று அந்த இளைஞருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். படிவத்தில் "ஆளுமை" என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கு 25 மதிப்பெண். மூத்தவர்கள் இருவரும் 8 போட்டார்கள். நானும் 9 போட்டேன். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அந்த ஒன்பதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி எழுதும் வழக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. நம் வருகைப் பதிவேட்டில் இன்று பெயரும் தலைப்பெழுத்தும்தான் இருக்கின்றன. இது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெயரில் தெரியாததை ஊர் பேரிலும் தெருப் பேரிலும் அப்பா பார்க்கும் தொழிலிலும் தேடுகிற பழக்கம் நேர்காணல் அறைக்குள் இன்னமும் உயிரோடு இருக்கிறது.

இதை என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றேதான், பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. 2007இல் வெளியான ஆய்வு இது. அதே ஆண்டில் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து நடத்திய இன்னோர் ஆய்வும் வெளிவந்தது. தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நேர்மையானவர்கள்தாம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

வாசலில் இப்படி வடிகட்டினால் மாடியில் யார் இருப்பார்கள்? 2010ஆம் ஆண்டுத் தகவலை வைத்து இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்தவர்கள், இயக்குநர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர் என்று கண்டார்கள். பிற்படுத்தப்பட்டோர் நான்கு விழுக்காட்டுக்கும் கீழே. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே அதற்கும் குறைவு. நாட்டின் மக்கள்தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்களை மறுபடியும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

உங்களில் ஒருவர் காலையில் என்னிடம் கேட்டார்: "அமெரிக்காவிலேயே இதையெல்லாம் கைவிடுகிறார்களே, இனி நமக்கு எதற்கு?" உண்மைதான். 2025 ஜனவரியில் அங்கே கூட்டாட்சி அரசின் பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தி ஆணை பிறந்தது. வால்மார்ட், மெட்டா போன்ற பெரிய நிறுவனங்களும் தங்கள் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. ஆனால் நாம் இதை அங்கிருந்தா கற்றோம்? அரசு வேலையில் எல்லா வகுப்பாருக்கும் இடம் வேண்டும் என்று நீதிக்கட்சி அரசு சென்னையில் முதல் ஆணை போட்டது 1921இல். 1951இல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றபோது, அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தமே வந்தது. அந்த வழக்கும் சென்னை மாகாணத்திலிருந்து போனதுதான். ஒரு நூற்றாண்டாக நாம் நடத்திவரும் வாதம் இது. அரசு அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது. தனியார் நிறுவனத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறது. அந்தக் கதவுக்கு உள்ளே போகப்போகிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் வந்தால் போதுமா என்று கேட்டால், சட்டம் வேண்டும், அதோடு நின்றுவிடாது என்பேன். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. 2015 ஏப்ரல் கெடு நெருங்கியபோது என்ன நடந்தது? பல நிறுவனங்களில் உரிமையாளரின் மனைவியும் மகளும் அவசர அவசரமாக இயக்குநர்கள் ஆனார்கள். பிறகு முதல் 500 நிறுவனங்களுக்கும், அடுத்து முதல் 1,000 நிறுவனங்களுக்கும் சார்பற்ற, அதாவது உரிமையாளர் குடும்பத்தோடு தொடர்பில்லாத, பெண் இயக்குநர் கட்டாயம் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி சொல்ல வேண்டி வந்தது. அப்படியும் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், அதில் ஒரு பெண் என்றால், அந்த ஒருவர் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன். நான் ஒரு யோசனையைச் சொல்வேன். யாரும் கவனிக்க மாட்டார்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொருவர் அதையே சொல்வார், "அருமை" என்பார்கள். ஒரே ஒரு முறை, ஓர் இளைய அதிகாரி எழுந்து, "இதை முதலில் சொன்னவர் மேடம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குச் செய்ததை எந்தப் பயிலரங்கும் செய்ததில்லை.

நாற்காலி என்றதும் தி.நகர் நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போயிருப்பீர்கள். புடவையை விரித்து விரித்துக் காட்டுகிற பெண்ணின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? காலை திறப்பிலிருந்து இரவு அடைப்பு வரை நின்றபடியே வேலை. கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்திருக்கும். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்துவந்த விஜி என்ற பெண்மணியும் அவர் தோழிகளும் கழிப்பறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டப்பேரவையும் 1947ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்றது. எனக்கு அதில் உறுத்துவது ஒன்று உண்டு. அந்த முக்காலியைப் போடச் சட்டம் வரும்வரை ஏன் காத்திருந்தோம்? ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று யாரோ ஒரு மேலாளர் எழுதிவைத்தார். அடுத்து வந்தவர் அதை மாற்றவில்லை. உங்களைப் போலப் படித்துவிட்டு வந்தவர்களும் மாற்றவில்லை. ஒரு முக்காலி என்ன விலை?

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் நான் போய்ப் பார்த்த பின்னலாடை ஆலைகளில் தையல் வரிசை முழுக்கப் பெண்கள். வரிசைக்கு நடுவே நின்று விரட்டுகிற மேற்பார்வையாளர் ஆண். பத்தாண்டு அனுபவமுள்ள பெண்ணை ஏன் மேற்பார்வையாளர் ஆக்கவில்லை என்று கேட்டால், "அவர்களே வேண்டாம் என்கிறார்கள்" என்று பதில். அந்தப் பெண்களிடம் கேட்டேன். மேற்பார்வையாளர் இரவு ஒன்பதரை வரை இருக்க வேண்டும். ஊருக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு. இவ்வளவுதான் காரணம். நேரத்தை மாற்றலாம், வண்டி விடலாம். கேட்காதவர்கள்தாம் "ஆர்வமில்லை" என்று கோப்பில் எழுதுகிறார்கள்.

சரி, இதெல்லாம் பதவிக்கு வந்த பிறகு. இப்போதே உங்கள் கையில் என்ன இருக்கிறது? உங்கள் வேலைவாய்ப்புக் குழு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 60, பன்னிரண்டில் 60, பட்டத்தில் 60 விழுக்காடு, எந்தப் பருவத்திலும் அரியர் இருந்திருக்கக் கூடாது என்று நிறுவனம் அனுப்புகிற வரியை அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறீர்கள். பதினைந்து வயதில் அப்பாவை இழந்து, காலையில் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்குப் போன பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண், இருபத்து மூன்று வயதில் அவர் விற்பனைக் கணக்குப் பார்க்கப்போவதற்கு எதற்கு வேண்டும்? அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். மரியாதையாக, காரணத்தோடு கேளுங்கள். நான் பதவியில் இருந்தபோது ஒரு கல்லூரி மாணவர்கள் எனக்கு அப்படி எழுதினார்கள். பதில் சொல்ல உட்கார்ந்தேன். சொல்லக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. வரியை நீக்கினோம்.

குழு விவாதத் தேர்வும் அப்படித்தான். பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து, யார் குரல் ஓங்குகிறதோ அவரைத் தலைவர் என்கிறோம். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் வாய் திறக்கும் முன் பதினைந்து நிமிடம் முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் எழுதக் கொடுத்து, பிறகு பேசச் சொன்னால் வேறு ஆட்கள் மேலே வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நேர்காணலிலும் பிற்பாடு நான் இதேபோல் முறையை மாற்றினேன்: வந்தவர் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், வேலையைப் பற்றிய கேள்விகள் மட்டும்; ஒவ்வொரு பதிலுக்கும் உடனே மதிப்பெண்; மூவரும் கலந்து பேசும் முன் தனித்தனியே. மனம்போன போக்கில் கேட்பதைவிட இந்த முறை சரியான ஆளைத் தேர்கிறது என்று தொழில் உளவியல் ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. "ஆளுமை" என்ற கட்டத்தை நானே கோடு போட்டு அடித்தேன்.

மேடை ஏறும்போது எண்ணிக்கொண்டே வந்தேன், நான்கு படிகள். சாய்தளம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகளை வரையறுத்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவி தங்கப்பதக்கம் வாங்கினால், அவருக்கு மட்டும் கீழே வைத்துக் கொடுப்பீர்களா? முதல்வர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். அடுத்த பட்டமளிப்பு விழாவுக்குள் ஒரு மரச் சாய்தளமாவது செய்துவிடுங்கள். தச்சருக்கு இரண்டு நாள் வேலை.

நான் முதலில் சொன்ன அந்தப் பழைய நேர்காணல் படிவம் என்னிடம் ஒரு பிரதி இருந்தது. நிறுவனத்தின் பெயரை மறைத்து அறுபது நகல் எடுத்து வந்திருக்கிறேன். வேலைக்குத் தேவையில்லாத கேள்விகளை நீங்கள் சிவப்பு மையில் அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் எதைக் கேட்கலாம் என்றும் எழுத வேண்டும். தேநீருக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தாள்களைக் கீழே, அந்த ஓர மேசையில் வைத்திருக்கிறேன். நானும் அங்கேயே வருகிறேன்.