தர்மபுரிப் பற்கள்: கறை வேறு, சொத்தை வேறு, ஈறு வேறு

(திரையில்: பள்ளிப் பிள்ளை ஒன்றின் முன்பற்கள், மிக அருகில். முகம் தெரியாது.)

இந்தப் பல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். நடுவில் டீ நிறத்தில் ஒரு பட்டை. வலது முன்பல்லில் பட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ, இடது முன்பல்லிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கிறது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம். போர் தண்ணி குடித்து வளர்ந்த பல்.

இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பல் ஃப்ளோரோசிஸ். தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற தாது கூடுவதால் வரும் கறை. பிள்ளை ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று வீட்டில் திட்டு விழும். விளக்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செங்கல் தூள், உப்பு, எலுமிச்சை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் கறை போகாது. பல்லின் மேல் ஓடான எனாமல்தான் தேய்ந்து போகும்.

(திரையில்: பாறை அடுக்குகள், ஆழ்துளைக் கிணறு. வரைபடம்.)

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். கோடு பிரித்தாலும் அடியில் கிடக்கும் பழைய கடினப் பாறை ஒன்றுதான். அந்தப் பாறையின் தாதுக்களில் இருக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. இதைத் தாண்டும் ஊர்கள் இங்கே நிறைய. அதற்காகவே ஒகேனக்கலில் காவிரித் தண்ணீரை எடுத்து இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு போடப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உப்புக் கரிக்கும் தண்ணீரில்தான் ஃப்ளோரைடு இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த அளவில் ஃப்ளோரைடுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசியும் கிடையாது. சுவையான தண்ணீரிலும் இருக்கலாம். காய்ச்சினால் போய்விடுமா என்றால், போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃப்ளோரைடு அப்படியே தங்கும், ஆக அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

சரி, ஒரே வீட்டில் அக்காவுக்குக் கறை இருக்கிறது, தம்பிக்கு இல்லை. ஏன்?

நிரந்தர முன்பற்கள் வெளியே எட்டிப் பார்ப்பது ஏழு வயதுவாக்கில். ஆனால் அவற்றின் எனாமல் உருவாவது பிறந்த முதல் சில ஆண்டுகளிலேயே, ஈறுக்குள். அப்போது குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதல் என்றால் எனாமல் முழுதாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் இருக்கும். வெளியே வந்த பிறகுதான் அந்தத் துளைகளில் பழுப்பு ஏறுகிறது. எட்டு வயதைத் தாண்டிவிட்டால் பிறகு எவ்வளவு குடித்தாலும் முன்பல்லில் புதிதாகக் கறை வராது. (எலும்பும் மூட்டும் வேறு கதை, பல வருடம் அதிக ஃப்ளோரைடு குடித்தால் பெரியவர்களுக்கும் அங்கே பாதிப்பு வரும்.) அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் போர் தண்ணி; தம்பி பிறந்தபோது குழாயில் ஆற்றுத் தண்ணி. அவ்வளவுதான் வித்தியாசமாக இருக்கும்.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது ஒரு வசதி. முன்பல்லைப் பார்த்தால் ஐந்தாறு வருடம் முந்தைய தண்ணீரைப் பற்றித் தெரிகிறது. ஆனால் பார்வைக்குப் பார்வை மாறக்கூடாதே. அதனால் ஆய்வு தொடங்கும் முன், பரிசோதிக்கும் மருத்துவர்கள் ஒரே பிள்ளைகளைத் தனித்தனியாகப் பார்த்து, கறையின் கடுமைக்கு ஒரே மதிப்பெண் போடுகிறார்களா என்று சரிபார்க்கிறார்கள். மதிப்பெண் முறை பெரும்பாலும் அமெரிக்கரான ட்ரெண்ட்லி டீன் 1930களில் வகுத்ததுதான்.

டீனின் கதை சுவாரசியமானது, அது அவருக்கு முன்பே தொடங்குகிறது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன ஃப்ரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், ஊர்ப் பிள்ளைகளின் பழுப்புப் பல்லைப் பார்த்துக் குழம்பினார். காரணம் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு என்று தெரியவே 1931 ஆயிற்று. நம் பக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில் ஃப்ளோரோசிஸ் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வந்தது 1937இல். டீன் ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: ஃப்ளோரைடு ஓரளவு உள்ள ஊரில் சொத்தைப் பல் குறைவு. அதனால்தான் 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரக் குடிநீரில் வேண்டுமென்றே ஃப்ளோரைடு சேர்த்தார்கள். அவர்கள் காசு கொடுத்துச் சேர்த்ததை நாம் காசு கொடுத்து நீக்குகிறோம். அளவுதான் எல்லாம்.

(திரையில்: கறைப் பல்லும் சொத்தைப் பல்லும் பக்கத்தில் பக்கத்தில்.)

என் ஆதங்கம் இதுதான். கறை கண்ணில் படுகிறது, வெட்கப்பட வைக்கிறது, கல்யாணப் பேச்சு வரை போகிறது. ஆனால் லேசான கறை உள்ள பல் உறுதியான பல். குழி விழும் அளவுக்குக் கடுமையானால்தான் பல்லுக்கே ஆபத்து. பல்லை நிஜமாகவே பறிக்கிற இரண்டு நோய்களும் சத்தமில்லாமல் வருகின்றன.

ஒன்று சொத்தை. அது ஜோடியாக, பட்டையாக வராது. கடைவாய்ப் பல்லின் பள்ளத்திலோ, இரண்டு பல்லுக்கு நடுவிலோ ஒரு புள்ளியாகத் தொடங்கும். ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து, விழத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் உள்ள பல். தயவுசெய்து அதைப் பாருங்கள்.

இன்னொன்று ஈறு நோய். வீட்டுப் பெரியவர்களைப் பற்றியது. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரும் குழுவினரும் ஆரோக்கியமான 12 பேரைப் பல் விளக்க வேண்டாம் என்றார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கியதும் சரியானது. ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை ஓரம் வைப்பவர்களுக்கு அந்தச் சோதனையிலேயே பதில் இருக்கிறது.

அதே லோ, 1970இலிருந்து 15 ஆண்டுகள் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் தொடர்ந்து கவனித்தார். பிரஷ்ஷோ பல் சிகிச்சையோ எட்டாதவர்கள். எல்லோர் பல்லிலும் காரை, அதாவது படிந்து இறுகிய அழுக்கு. இருந்தும் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போனது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. ஈறு நோய் எப்படி வளர்கிறது என்று உலகப் பல் மருத்துவம் படித்தது அந்தத் தொழிலாளர்களின் வாயில்தான். அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்ன என்பது என்னை உறுத்தும் கேள்வி.

முதியவர்களிடம் ஆய்வு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. பல் இல்லாத இடத்தைப் பார்த்து, அது சொத்தையில் போனதா, ஈறு நோயில் ஆடிப் போனதா என்று சொல்ல முடியாது. இருக்கிற பல்லைத்தான் அளக்க முடியும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் எனாமல் கிடையாது, அங்கே சொத்தை சீக்கிரம் பிடிக்கும். பிரஷருக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகள் வாயை உலர்த்தினால் இன்னும் வேகம். பல்லைக் குடைய உட்கார முடியாத தாத்தா பாட்டிகளுக்கும் அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கும் வெள்ளி கலந்த ஒரு ஃப்ளோரைடு மருந்தைத் தொட்டு வைத்தே சொத்தையை நிறுத்தலாம். சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், அதை மருத்துவர் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சுகர் இருப்பவர்களுக்கு ஈறு நோய் கூடுதலாக வருகிறது. ஈறு நோய் இருந்தால் சுகரும் எளிதில் கட்டுப்படுவதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஈறுக்குச் சிகிச்சை எடுத்த மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் HbA1c அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி இறங்கியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் சுகர் மாத்திரை வாங்க மாதாமாதம் போகிறவர்கள், அதே சீட்டோடு பல் பிரிவுக்கும் போய், பல் ஆடுகிறதா, ஈறில் சீழ் இருக்கிறதா என்று பார்த்து, காரையையும் எடுத்துவிட்டு வாருங்கள்.