பென்டிரைவில் குடியேறிய லினக்ஸ்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மார்த்தாண்டத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கொளச்சல், முட்டம் பக்கமிருந்து வருகிற மடிக்கணினிகளை உறையிலிருந்து எடுத்ததுமே கடற்கரை ஊர்க் கணினி என்று தெரிந்துவிடும். உப்புக் காற்று பட்டுப் பட்டு, யூஎஸ்பி துளைக்குள் இருக்கும் செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கும். அதைத் துடைத்துச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாமல் வருவது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். மதர்போர்டு, திரை, விசைப்பலகை எல்லாம் நன்றாக இருக்கும். உள்ளே சுழல்கிற அந்தத் தட்டு மட்டும் உயிரை விட்டிருக்கும். "இனி இது ஆகாது" என்று யாரோ சொல்லிவிட, பரண்மேல் போட்டுவிடுவார்கள்.

அருமனைப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருத்தி அப்படி ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் பயன்படுத்திக் கொடுத்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை விடாமல் பெய்த மாதம், வெட்டே இல்லை. கணினியை இயக்கியதும் டக், டக் என்று சத்தம். புராஜெக்ட் கொடுக்க நான்கு நாள்தான் இருக்கிறது என்றாள். அவள் எழுதியவற்றின் ஒரு நகல் நல்லவேளையாக மின்னஞ்சலில் இருந்தது. புது டிஸ்க் வாங்கக் கையில் பணம் இல்லை. கெட்டுப்போன டிஸ்கைக் கழற்றி எடுத்துவிட்டு, 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை முழுதாக நிறுவிக் கொடுத்தேன். "டிஸ்க்கே இல்லாமல் எப்படி சார் ஓடுகிறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

கணினி இயங்கத் தொடங்கும்போது, இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று மதர்போர்டு தேடும். வழக்கமாக உள்ளே இருக்கும் டிஸ்கில் தேடும். எஃப்12 அல்லது எஸ்கேப் போன்ற ஒரு விசையை அழுத்தி, பென்டிரைவில் தேடு என்று நாம் சொல்லலாம். எந்த விசை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பென்டிரைவில் ஓர் இயங்குதளம் இருந்தால் அது நினைவகத்துக்கு ஏறி வேலையைத் தொடங்கிவிடும். டிஸ்க் இருக்கிறதா, இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இது புதிய வித்தையும் அல்ல. நிறுவாமலே வட்டிலிருந்து லினக்ஸை ஓட்டும் முயற்சி 1992-லேயே, இக்டிராசில் என்ற வெளியீட்டோடு தொடங்கிவிட்டது. 2000-இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் இதைப் பரவலாக்கியது. 700 எம்பி கொள்ளும் ஒரு குறுந்தட்டில் ஏறத்தாழ 2 ஜிபி அளவு மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். அந்தத் தட்டு வைத்திருக்காத கணினிக்காரர் அன்று குறைவு. உயிர்விட்ட கணினிகளிலிருந்து கோப்புகளை மீட்க நாங்கள் எடுப்பது அதைத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இது. இணையத்திலிருந்து இறக்கிய லினக்ஸ் கோப்பை அப்படியே பென்டிரைவில் எழுதி ஓட்டினால் அது 'லைவ்' முறை. விருந்தாளி வந்து தங்குவதுபோல. நீங்கள் சேமித்த கோப்பு, போட்ட மென்பொருள், வைஃபை கடவுச்சொல் எல்லாம் கணினியை அணைத்ததும் போய்விடும். இவற்றைத் தக்கவைக்கத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கும் வழியும் உண்டு. ஆனால் அடியில் இருக்கும் அமைப்பு சுருக்கி அடைக்கப்பட்ட, மாற்ற முடியாத ஒரே கோப்பு; மேம்படுத்தல்கள் அதன் மேல் மேலாக ஏறி இடத்தை அடைத்துக்கொண்டே போகும். நாள்தோறும் வேலை செய்ய அது ஏற்றதில்லை. பென்டிரைவையே டிஸ்காகக் கருதி லினக்ஸை முறைப்படி நிறுவிவிடுங்கள். அப்போது அது விருந்தாளி இல்லை, குடியிருப்பவர். மேம்படுத்தலாம், புதிய மென்பொருள் போடலாம், எல்லாம் நிலைத்து நிற்கும்.

இதற்கு இரண்டு பென்டிரைவ் வேண்டும். ஒன்றில் லைவ் முறை லினக்ஸ்; அதிலிருந்து இயக்கி, மற்றதில் நிறுவ வேண்டும். நிறுவப்படும் பென்டிரைவ் 32 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

நிறுவும்போது நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் செய்துவிடாதீர்கள். தெரிந்த ஒருவரின் மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகி, அதில் லினக்ஸை நிறுவினேன். திரையில் பென்டிரைவைத்தான் தேர்ந்தெடுத்தேன். நிறுவும் மென்பொருளோ, கணினியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலை மட்டும் உள்ளே இருந்த டிஸ்கில் எழுதிவிட்டது. பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரவு எட்டு மணிக்கு அவர் தொலைபேசியில் அழைக்கிறார்: "அண்ணா, கறுப்புத் திரை. கிரப் என்று ஒரு சொல் மட்டும் நிற்கிறது, விண்டோஸ் வரவில்லை." அவருடைய கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; எஃப்12 அழுத்தி விண்டோஸைத் தேர்ந்தெடுத்ததும் வந்துவிட்டது. ஆனாலும் அன்று இரவு அவர் பட்ட பதற்றம் என்னால் வந்தது. அன்றிலிருந்து, நிறுவும் வேலை முடியும்வரை உள் டிஸ்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுகிறேன். இரண்டு திருகாணி, ஐந்து நிமிட வேலை.

டிஸ்கைக் கழற்றி நிறுவினாலும் இன்னொரு சிக்கல் வரலாம். நிறுவிய கணினியில் ஓடும். வேறு கணினியில் செருகினால் கண்டுகொள்ளாது. தொடக்க நிரல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை நிறுவும் மென்பொருள் அந்தக் கணினியின் மதர்போர்டில் எழுதிவைக்கிறது. அடுத்த கணினிக்கு அந்தக் குறிப்பு எப்படித் தெரியும்? முன்பின் தெரியாத பென்டிரைவில் மதர்போர்டு தேடிப் பார்க்கும் பொது முகவரி ஒன்று உண்டு. இஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறை. அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. தொடக்க நிரல் அந்த இடத்தில் இருக்க வேண்டும். கிரப் என்ற அந்தத் தொடக்க நிரலை நிறுவும் கட்டளையோடு 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அதுவே அங்கே வைத்துவிடும்.

கணினிக்குக் கணினி வன்பொருள் மாறுமே, ஒரே பென்டிரைவ் எப்படி எல்லாவற்றிலும் ஓடும் என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான கருவிகளுக்கான இயக்கிகள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்துத் தேவையானதை எடுத்துக்கொள்ளும். சில வைஃபை சில்லுகள்தான் முன்பு முரண்டு பிடிக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல், அவற்றுக்கு வேண்டிய கோப்புகளும் நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகின்றன.

வேகத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். மலிவான பென்டிரைவ் ஒரு பெரிய கோப்பை வேகமாகப் படிக்கும்; சின்னச் சின்னக் கோப்புகளை நூற்றுக்கணக்கில் எழுதச் சொன்னால் திணறும். இயங்குதளம் நாள் முழுவதும் செய்வது அந்தச் சின்ன எழுத்துவேலையைத்தான். இணைய உலாவி அரை நிமிடம் உறைந்து நிற்கும், பிறகு ஓடும். அதனால் யூஎஸ்பி 3 வகை பென்டிரைவை வாங்கி, நீல நிறத் துளையில் செருகுங்கள். கோப்பைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கத்தை 'நோஏடைம்' என்ற அமைப்பால் நிறுத்திவிடுங்கள். நினைவகம் போதாதபோது டிஸ்கில் எழுதிவைக்கும் 'ஸ்வாப்' பகுதியைப் பென்டிரைவில் வைக்க வேண்டாம். கொஞ்சம் பணம் சேர்ந்தால், சுழலும் தட்டு இல்லாத சிறிய எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை யூஎஸ்பி உறையில் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட மேல். இருநூறு ரூபாய்க்கு 1 டிபி என்று விற்கப்படுபவற்றை நம்பவே நம்பாதீர்கள். உள்ளே சில ஜிபிதான் இருக்கும், அதற்குமேல் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். லினக்ஸில் எஃப்3 என்றொரு கருவி இருக்கிறது, உண்மைக் கொள்ளளவைச் சோதித்துச் சொல்லிவிடும்.

2017 நவம்பர் 30-ஐ நம் குமரி மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. ஒக்கி புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. கடலுக்குப் போனவர்களுக்காக மீனவ ஊர்கள் கரையில் காத்துக் கிடந்தன. எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை; என் கடைக் கணினி இருட்டில் கிடந்தது. தக்கலையில் நண்பர் ஒருவரின் கடையில் ஜெனரேட்டர் ஓடியது. சட்டைப்பையில் பென்டிரைவோடு போனேன். அக்கம்பக்கத்தில் வாழை போனவர்கள் நிவாரணம் கேட்டு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். நண்பரின் கணினியில் தமிழில் தட்டச்சு செய்யவே வழியில்லை. என் பென்டிரைவைச் செருகினேன். தமிழ்99 விசைப்பலகை, என் எழுத்துருக்கள், பாதியில் விட்டிருந்த கடிதம் எல்லாம் வைத்தது வைத்தபடி வந்து நின்றன. ஈரச்சட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் குலை தள்ளிய வாழை எத்தனை, தள்ளாதது எத்தனை என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்ல, அப்படியே எழுதினேன். வேலை முடிந்து பென்டிரைவை எடுத்தபோது, நண்பரின் டிஸ்கில் ஒரு கோப்பும் மாறியிருக்கவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட மடிக்கணினிகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். நம் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கட்டும் என்பது என் ஆசை. நிறுவ அஞ்சுகிற வீட்டில்கூட பென்டிரைவைச் செருகிப் பார்க்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க், விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு அமைப்பில் கைவைத்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பென்டிரைவுக்கும் பூட்டு போடுங்கள். நிறுவும்போதே குறியாக்கம் வேண்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் தவறவிட்டால் எடுத்தவருக்கு வெறும் பென்டிரைவ்தான் கிடைக்கும், உங்கள் கடிதங்கள் கிடைக்காது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவைப் பிடுங்கக் கூடாது. எழுதி எழுதி ஒருநாள் அதுவும் தேயும். வாரம் ஒருமுறை முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள்.

அருமனை மாணவி நான்காம் நாள் புராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். வீட்டில் டிஸ்க் இல்லாத மடிக்கணினியில் எழுதியதை, ஆசிரியரின் அனுமதியோடு கல்லூரி ஆய்வகக் கணினியில் அதே பென்டிரைவைச் செருகி முடித்திருக்கிறாள். அடுத்த மாதம் மறுபடி கடைக்கு வந்தாள். புது டிஸ்க் வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "தம்பிக்கும் ஒன்று போட்டுக் கொடுங்கள் சார்" என்று இன்னொரு பென்டிரைவை நீட்டினாள்.

வணக்கம்.