விலங்கிடமே கேளுங்கள்

வணக்கம். கடற்பஞ்சு ஒரு விலங்கு. இந்த ஒரு வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதை ஒத்துக்கொள்ள அறிவியல் உலகத்துக்கே வெகுகாலம் பிடித்தது. அதற்குத் தலை கிடையாது, வாய் கிடையாது, நரம்போ தசையோ கிடையாது. வளர்ந்த பிறகு பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும். பார்க்கிற யாருக்கும் அது ஏதோ ஒரு செடி என்றுதான் தோன்றும். ஜான் எல்லிஸ் என்ற ஆய்வாளர் 1765-இல் உயிருள்ள கடற்பஞ்சை உற்றுக் கவனித்து, அதன் துளைகள் வழியாகத் தண்ணீர் ஓடுவதை எழுதி வைத்தார். இன்றைக்கு முக்குளிப்பவர்கள் அதன் அருகில் கொஞ்சம் சாயத்தைப் பீய்ச்சிக் காட்டுகிறார்கள்: பக்கவாட்டில் இருக்கும் நுண்துளைகள் சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ள, சற்று நேரத்தில் மேலே இருக்கும் பெரிய துளையிலிருந்து அது குபுகுபுவென்று வெளியே வருகிறது. உள்ளே கணக்கில்லாத செல்கள், ஒவ்வொன்றும் சவுக்கு போன்ற ஒரு நுண் இழையை (கசையிழையை) அசைத்துத் தண்ணீரை ஓட்டி, அதில் வரும் பாக்டீரியாவைப் பிடித்துத் தின்கின்றன. அசையாமல் கிடப்பதாக நாம் நினைத்தது நாள் முழுக்க இரை தேடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் எதைத்தான் விலங்கு என்கிறோம்? பல செல்களால் ஆன உடல். செல்களைச் சுற்றித் தாவரங்களுக்கு இருப்பதுபோன்ற சுவர் இல்லை. உணவைத் தானே தயாரிக்க முடியாது, வேறு உயிர்களையோ அவற்றிலிருந்து வந்ததையோ உண்டாக வேண்டும். ஓடுவது, கத்துவது, கண் இருப்பது இதெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. நம் மனதில் விலங்கு என்றதும் யானையும் புலியும் வந்து நிற்கின்றன, அதில் தப்பில்லை, ஆனால் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சுமார் 15 லட்சம் விலங்கினங்களில் ஏறத்தாழ 10 லட்சம் பூச்சிகள். முதுகெலும்புள்ள மீன், தவளை, பாம்பு, பறவை, பாலூட்டி எல்லாவற்றையும் கூட்டினாலும் நூற்றுக்கு ஐந்து கூடத் தேறுவது கஷ்டம். பெயரே வைக்கப்படாத இனங்கள் இன்னும் பல லட்சம் இருக்கின்றன. விலங்கியல் படிக்கப் போகிறவர்கள் முதல் நாளே இதை மனதில் வாங்கிக்கொண்டால் நல்லது, இந்தத் துறையின் பெரும்பகுதி முதுகெலும்பில்லாத உயிர்களைப் பற்றியது.

பெயர் வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலுக்கு 1758-இல் வெளியிட்ட பதிப்பிலிருந்துதான் விலங்குகளின் அறிவியல் பெயர்கள் செல்லுபடியாகும் என்பது பொது விதி. அதே பதிப்பில்தான் அவர் திமிங்கலத்தை மீன்களிடமிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். நீந்துகிறது, துடுப்பு இருக்கிறது, மீன் மாதிரியே இருக்கிறது, ஆனாலும் நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. வெளித்தோற்றத்தை நம்பாமல் உடலின் அமைப்பைப் பார் என்ற பாடம் இங்கேயே வந்துவிடுகிறது. ஒட்டகச்சிவிங்கியின் அவ்வளவு நீளக் கழுத்தில் எத்தனை எலும்பு? ஏழு. எலிக்கும் ஏழு, நமக்கும் ஏழு. மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத், கடலில் வாழும் மானட்டி மாதிரி ஓரிரு விதிவிலக்குகள் உண்டு, மற்றபடி பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பொதுவான மூதாதையரிடமிருந்து வந்த உறவு எலும்பில் எழுதியிருக்கிறது.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுவதோடு விலங்கியலை முடித்துவிடுகிறோம், அது எனக்கு ரொம்ப வருத்தம். ஒரு விலங்கு பதில் சொல்லக்கூடிய விதத்தில் கேள்வி கேட்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பின் உயிர். இதற்கு வௌவாலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார், பெரிய ஆய்வாளரும் கூட, 1793-இல் ஒன்றைக் கவனித்தார். மெழுகுவத்தி அணைந்துபோனால் அவர் அறையிலிருந்த ஆந்தை சுவரில் முட்டிக்கொண்டது, வௌவாலோ எதிலும் இடிக்காமல் பறந்தது. பெரும்பாலானோர் "அதற்குக் கண் கூர்மை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் வௌவாலையே கேட்டார். பார்வையைப் பறித்துவிட்டுப் பறக்கவிட்டார், அப்போதும் இடிக்கவில்லை. (இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.) அப்படிப் பார்வை இழந்த சில வௌவால்களைச் சில நாள் கழித்துத் திரும்பப் பிடித்து வயிற்றைத் திறந்து பார்த்தால், மற்ற வௌவால்களைப் போலவே பூச்சியால் நிறைந்திருந்தது. கண்ணில்லாமல் பறப்பது மட்டுமல்ல, வேட்டையும் ஆடியிருக்கிறது!

அப்புறம் ஜெனீவாவில் ஜுரின் என்பவர் வௌவாலின் காதை அடைத்துப் பார்த்தார். இடித்துக்கொண்டு விழுந்தது. ஸ்பல்லன்சானிக்கு ஒரு சந்தேகம்: காதுக்குள் எதையாவது திணித்த வலியில் தடுமாறுகிறதோ? அதனால் காதுக்குள் சின்னஞ்சிறு பித்தளைக் குழாய்களைப் பொருத்தினார். குழாய் திறந்திருந்தால் ஒழுங்காகப் பறந்தது, அதே குழாயை அடைத்தால் இடித்தது. குழாய் இரண்டு தடவையும் இருக்கிறது, ஆகவே வலி காரணமில்லை, கேட்காமல் போவதுதான் காரணம். ஒரு நல்ல கட்டுப்பாட்டுச் சோதனைக்கு இதைவிடத் தெளிவான மாதிரியை நான் பார்த்ததில்லை. ஆனால் வௌவால் எந்தச் சத்தமும் போடுவதாக மனிதக் காதுக்குத் தெரியவில்லையே, அப்புறம் எதைக் கேட்கிறது? அந்தக் காலத்தின் பெரும் அறிஞர் குவியேர், தொடு உணர்வால்தான் பறக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட, காது விஷயம் கிடப்பில் போனது.

நூற்று நாற்பது வருடத்துக்கும் மேல் கழித்து, 1938-இல், ஹார்வர்டு மாணவர் டொனால்ட் கிரிஃபின் ஒரு கூண்டு வௌவால்களை எடுத்துக்கொண்டு பியர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியரிடம் போனார். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவி அவரிடம் இருந்தது. அதன் முன்னால் கூண்டை வைத்ததும் கருவி சத்தம் போட ஆரம்பித்தது. நமக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்காது, வௌவாலின் கூச்சல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் நடக்கிறது. அது கத்துகிறது, எதிரொலியைக் கேட்கிறது, அதைக்கொண்டு பூச்சி எங்கே, சுவர் எங்கே என்று தெரிந்துகொள்கிறது. பிறகு வந்த ஆய்வுகள் மறுபக்கத்தையும் காட்டின: சில அந்துப்பூச்சிகளுக்கு இந்தக் கூச்சலைக் கேட்கும் காது இருக்கிறது, கேட்டதும் பறக்கும் திசையை மாற்றுகின்றன அல்லது பொத்தென்று கீழே விழுகின்றன. வேறு சில பதிலுக்குத் தாங்களே மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலி, எழுப்புகின்றன. நம் தலைக்கு மேலே இரவெல்லாம் இவ்வளவு இரைச்சல், நமக்கு ஒன்றும் கேட்பதில்லை.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் 1963-இல் இப்படிப்பட்ட கேள்விகளை நான்காகப் பிரித்துக் கொடுத்தார், இன்றும் வகுப்பறையில் அதுதான் வழிகாட்டி. வௌவாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூச்சலை எந்த உறுப்பு உண்டாக்குகிறது, எந்த உறுப்பு கேட்கிறது? குட்டிக்கு இது எப்போது, எப்படி வருகிறது? இதனால் அதன் பிழைப்புக்கு என்ன பலன்? மூதாதையர்களிடமிருந்து இது எப்படி உருவாகி வந்தது? நான்கும் வேறு வேறு கேள்விகள், ஒன்றின் பதிலைக் கொண்டு இன்னொன்றை மூடிவிட முடியாது. மூன்றாவதற்குப் பதில் சொல்லிவிட்டு முதலாவதையும் சொல்லிவிட்டதாக நினைப்பதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்கிற குழப்பம்.

இதற்கெல்லாம் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுமா என்று கேட்பீர்கள். சிலவற்றுக்கு வேண்டும். சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு உருளைப்புழுவின் 302 நரம்பணுக்களையும் ஒன்று விடாமல் படம் வரைய மின்னணு நுண்ணோக்கியும் பல வருட உழைப்பும் தேவைப்பட்டன. ஆனால் டார்வின் மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க வீட்டில் இருந்த பியானோவையே பயன்படுத்தினார். பக்கத்தில் வாசித்தபோது தொட்டியிலிருந்த புழுக்கள் கண்டுகொள்ளவில்லை, தொட்டியைப் பியானோமேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் வளைக்குள் ஓடின. காற்றில் வரும் ஒலி தெரியவில்லை, அதிர்வு தெரிகிறது. அதே மனிதர் 1842-இல் ஒரு வயலில் சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பிவிட்டு, புழுக்கள் அவற்றை எவ்வளவு ஆழத்துக்குப் புதைக்கின்றன என்று பார்க்க 29 வருடம் காத்திருந்தார். ஏழு அங்குலம் புதைந்திருந்தது. பொறுமையும் இந்தத் துறையின் ஒரு கருவிதான்.

நீங்கள் இன்றைக்கே தொடங்கலாம். போய்க்கொண்டிருக்கும் ஓர் எறும்பு வரிசையைத் தேடிப்பிடியுங்கள். குறுக்கே ஒரு இடத்தில் மட்டும் விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். அவை விட்டுச் சென்ற வாசனைத் தடம் அங்கே அறுந்துபோயிருக்கும். அடுத்து வேறொரு வரிசையில் தேய்க்காமல், சும்மா விரலை அதே அளவு நேரம் அருகில் வைத்து எடுங்கள், விரலைக் கண்டு மிரண்டதா, தடம் போனதால் நின்றதா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். தேதி, நேரம், வெயிலா நிழலா எல்லாம் எழுதுங்கள். "எறும்பு குழம்பியது" என்று மட்டும் எழுதாதீர்கள், அது உங்கள் ஊகம். "தேய்த்த இடத்தின் ஓரத்தில் நின்றது, உணர்கொம்பை ஆட்டியது, வந்த வழியே திரும்பியது" என்று எழுதுங்கள், ஊகத்தைப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.