வாத்தியாரின் இடது கை

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் காலி மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் ராயபுரத்து அம்மாக்களுக்கும் வணக்கம்.

நாயகர்களைக் கொண்டாடும்போது அவர்களுடைய குறையையும் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? இதுதான் தலைப்பு. சொல்ல வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா நிலாவைக் கொண்டுவந்தார். களங்கம் இருக்கிறது என்று நிலாவை யாராவது வெறுக்கிறோமா என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கினார். அம்மா, நிலாவில் இருக்கிற களங்கம் யாரையும் அடித்ததில்லை. மனிதனுடைய குறை பக்கத்தில் இருக்கிறவர் மேல்தான் விழும்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை எடுத்துக்கொள்வோம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை பேர் சொல்லி மோதிக்கொண்ட நம் பகுதியில் அவரைத் தெரியாதவர் கிடையாது. 1967-இல், வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றார். பட்டத்தைப் பறித்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் வளையத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. உடம்பு உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. போன வருஷங்களை யார் திருப்பித் தருவது? அந்தத் துணிச்சலுக்கு இன்றைக்கும் எழுந்து நிற்பேன்.

அதே அலிதான், தன்னோடு மோதிய, தன்னைப் போலவே கறுப்பரான ஜோ பிரேசியரைக் கொரில்லா என்று கூப்பிட்டார். 1975-இல் மணிலா போட்டிக்கு முன்னால், பத்திரிகையாளர்கள் நடுவில் ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையை வைத்துக் குத்திக் காட்டினார். இந்த பிரேசியர் யார்? அலி தடையில் கிடந்தபோது அவருக்கு உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று பேசியவர், கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தவர். நிறத்தை வைத்து இழிவுபடுத்தினால் எப்படி வலிக்கும் என்று அலிக்குத் தெரியாதா? அவரே அதைச் செய்தார். அதே மணிலாவுக்கு, வீட்டில் மனைவி இருக்க, இன்னொரு பெண்ணோடு போனார். பிரேசியரைப் பேசிய பேச்சுக்கு 2001-இல் ஒரு நாளிதழ் வழியாக மன்னிப்புக் கேட்டார். இருபத்தாறு வருஷம் கழித்து!

கால்பந்து ஆடுகிற வியாசர்பாடி பிள்ளைகள் மரடோனாவை ஏன் விட்டுவிட்டாய் என்று கோபிப்பார்கள். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு கோல் கையால், நாலே நிமிஷத்தில் அடுத்தது பாதி மைதானத்தைக் கடந்து. அதையெல்லாம் விடுங்கள். நேப்பிள்ஸில் பிறந்த மகனை இத்தாலிய நீதிமன்றமே அவர் பிள்ளை என்று சொன்ன பிறகும் பல வருஷம் ஏற்கவில்லை. அந்தப் பையனுக்குப் போய் நிலா உவமை சொல்ல முடியுமா?

எதிரணி ஐயா ஒருவர் வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். குணம் பார், குற்றம் பார், மிகுந்ததைக் கொள் என்று குறளே சொல்கிறது. அலியிடம் குணம்தானே மிகுதி, அப்புறம் குற்றத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். சரி ஐயா, அந்தக் குறள் எந்த அதிகாரம்? தெரிந்து தெளிதல். அரசன் வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரம். அங்கே வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அலியை நாம் வேலைக்கா வைக்கப்போகிறோம்? பத்தில் மூன்றைக் கழித்து ஏழு மார்க் போடுகிற வேலை நமக்கு இல்லை. பத்தும் நிற்கட்டும், மூன்றும் நிற்கட்டும்.

அமெரிக்கக் கதை போதும். எனக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இங்கேதான், இரண்டு தெரு தள்ளி இருந்தார். பேர் வேண்டாம். 1980-இல் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது கேலரியில் கடைசி வரிசையில் இருந்தாராம். "அலி எறும்பாட்டம் தெரிஞ்சாரு, ஆனா கால் ஆடினது தெரிஞ்சுது" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எங்களிடம் காசு வாங்கியதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மாடியில் மணல் மூட்டை கட்டி, இடது கையை எப்படி வீச வேண்டும், அது கன்னத்து எலும்பில் பட்டால் வீக்கம் எந்தப் பக்கம் ஏறும் என்று தொட்டுக் காட்டுவார்.

ஒருநாள் அவருடைய மனைவி எங்களுக்கு டீ கொண்டுவந்தார். வலது கண் மூடிக் கிடந்தது. அடிபம்பு கைப்பிடி பட்டுவிட்டது என்றார். நாங்கள் ஆறு பேர் இருந்தோம். வீக்கம் ஏறியிருந்த இடத்தைப் பார்த்ததுமே ஆறு பேருக்கும் புரிந்துவிட்டது, அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தானே. டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாத்தியார் இறந்தபோது தெரு முழுக்க கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ராத்திரி முழுக்க கானா. குடும்பத்தின் குலவிளக்கு என்று ஒருத்தன் பாடினான். அந்த அம்மா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அவர் பேரில் ஒரு போட்டி நடத்தலாம் என்று முடிவு செய்து, நோட்டீஸ் அடிக்கும் முன் அந்த அம்மாவிடம் கேட்கப் போனேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வைங்கப்பா. பசங்களுக்கு நல்லா சொல்லிக் குடுத்தாரு, அது பொய் இல்ல. மேடையில ஏறி நல்ல புருஷன்னு மட்டும் யாரும் பேசாதீங்க" என்றார்.

நோட்டீஸில் 'எங்கள் வாத்தியார்' என்று மட்டும் போட்டோம். பரிசு கொடுக்க அந்த அம்மாவைத்தான் கூப்பிட்டோம், வந்தார். மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா, இறங்குகிறேன்.